எட்டு சதவீதத்துக்கு எவன் காசு கொடுப்பான்?

ஜெர்மனியின் வெள்ளை ஒயினுக்குச் சென்னையில் இரண்டு இடங்களில் தீர்ப்பு எழுதியாயிற்று. ராயபுரத்துத் தீர்ப்பு சுருக்கமானது. கப்பலுக்குப் போய்வந்த மச்சான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒல்லிப் பச்சை பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஓரத்தில் அச்சடித்த எண்ணைப் படிப்பார்கள். “எட்டு பர்சன்ட்டா? இதுக்கு ஸ்ட்ராங் பீரே தேவலாம். எவன் காசு குடுப்பான்?” என்று கேட்டுவிட்டு மறுபடி பெட்டியிலேயே வைத்துவிடுவார்கள். நுங்கம்பாக்கத்துத் தீர்ப்பு ஏசி அறையில், கொஞ்சம் நாகரிகமாக வரும்: “ஜெர்மனா? எல்லாம் ஒரே தித்திப்பு. நான் ட்ரை மட்டும்தான்.”

எதிரெதிர்க் கட்சிகள் போலத் தெரியும். ஒன்று போதை குறைவு என்கிறது, மற்றது சர்க்கரை அதிகம் என்கிறது. ஆனால் ஒயினில் இவை இரண்டும் ஒரே கணக்குதான். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் பிறக்கும். நொதிப்பை நடுவில் நிறுத்தினால் சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹால் குறையும். ஆக, இரு கட்சியும் கேட்பது ஒன்றுதான்: பழத்திலிருந்த சர்க்கரை மொத்தமும் சாராயமாகியிருக்க வேண்டும், அப்போதுதான் கொடுத்த காசு செரிக்கும். நான் மறுக்க வந்தது இந்த நம்பிக்கையைத்தான். உலகின் பெரும்பகுதி இதையே பல பத்தாண்டுகளாக நம்பிக்கொண்டிருப்பதால்தான் மோசல் ஆற்றங்கரையின் ரீஸ்லிங் திராட்சை ஒயின் அதில் போட்ட உழைப்புக்குச் சம்பந்தமில்லாத விலையில் இன்னும் கிடைக்கிறது. ஒரு வகையில் நான் இந்தத் தீர்ப்பாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவன்.

ஜெர்மனியில் 13 ஒயின் வட்டாரங்கள் உண்டு. நாஹேக்காரர்களோடும் ரைன்ஹெஸ்ஸன்காரர்களோடும் எனக்குச் சண்டையில்லை, ஆனால் என் கட்சி மோசல். பிரான்ஸின் வோஜ் மலையில் பிறந்து, ட்ரியர் நகரைத் தொட்டு, நெளிந்து நெளிந்து ஓடி, கோப்லென்ஸில் ரைனோடு சேரும் ஆறு அது. சார், ரூவர் என்ற துணையாறுகளின் கரைகளும் இதே வட்டாரக் கணக்கில் வரும். ஏறக்குறைய 50 பாகை வட அட்சம்; திராட்சை பழுக்குமா என்பதே சந்தேகமான குளிர். அங்கே பழம் பழுக்க வேண்டுமானால் வெயிலை முகத்தில் வாங்கும் செங்குத்துச் சரிவு வேண்டும். பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பித் தரும் ஸ்லேட் கல்லும் வேண்டும். ப்ரெம் ஊரை ஒட்டிய கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை நிமிர்ந்து நிற்கிறது. டிராக்டர் ஏறாது. கவாத்து, கட்டு, அறுவடை எல்லாம் கைவேலை, கயிறும் கம்பியுமாக. பழம் அவசரப்படாமல் பழுப்பதால் அதன் புளிப்பு கரைந்துபோகாமல் தங்குகிறது. மோசல் ரீஸ்லிங்கின் முதுகெலும்பு அந்தப் புளிப்புதான்.

‘ஒரே தித்திப்பு’ என்பவர்களுக்கு முதலில் ஒரு தகவல். ஜெர்மனியில் இன்று தயாராகும் தரமான ஒயினில் பெரும்பகுதி தித்திப்பில்லாததோ, பாதித் தித்திப்போதான். லேபிளில் ட்ரோக்கன் என்று இருந்தால் மிஞ்சிய சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தித்திப்பு பிடிக்காதவர் அந்த ஒரு சொல்லைப் பார்த்து வாங்கிக்கொண்டு போகலாம், வழக்கே எழாது.

நான் வழக்காடுவது தித்திப்பானதற்காக. காபினெட் என்று பெயர் போட்டு வரும் மரபான மோசல் ரீஸ்லிங்கில் லிட்டருக்கு நாற்பது கிராம் வாக்கில் சர்க்கரை இருக்கும். ‘சர்க்கரைத் தண்ணி’ என்று இதை ஒதுக்குகிறவர் பக்கத்து மேஜையில் ரம்மில் ஊற்றிக் குடிக்கும் கோலாவில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல். அங்கே அவருக்கு உறுத்துவதில்லை. காபினெட்டில் அந்த நாற்பது கிராமுக்கு எதிரே ஏழெட்டு கிராம் அமிலம் உட்கார்ந்திருக்கிறது. நாக்கில் முதலில் பழம் வரும், விழுங்கும்போது எச்சில் ஊறும், முடிவில் இனிப்பு நிற்காது. வெளியிலிருந்து சர்க்கரை கொட்டிச் செய்ததும் அல்ல. காபினெட், ஷ்பேட்லேஸெ, அவுஸ்லேஸெ என்ற வரிசையில் வரும் ஒயின்களின் சாற்றில் நொதிப்புக்கு முன் சர்க்கரை சேர்க்க ஜெர்மன் சட்டம் இடம் தருவதில்லை.

அப்படியானால் இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? காரணமில்லாமல் வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 1970களிலும் 80களிலும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கடல்போல் போனது லீப்ஃப்ராமில்ஷ் என்ற சரக்கு. அதில் மிகப் பிரபலமான பெயர் ப்ளூ நன். வோர்ம்ஸ் நகரில் ஒரு மாதா கோவிலைச் சுற்றியிருந்த சின்னத் தோட்டத்தின் பெயரை நான்கு வட்டாரங்களின் சமவெளித் திராட்சைக்கு நீட்டி, நொதிக்காத சாற்றை ஊற்றி இனிப்பாக்கி விற்றார்கள். நம் ஊர் மேல்தட்டு அந்த இங்கிலீஷ் அனுபவத்தை அப்படியே கடன் வாங்கிக்கொண்டது. அந்த நான்கு வட்டாரங்களில் மோசல் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. 1985இல் ஆஸ்திரிய ஒயினில் டைஎதிலீன் கிளைகால் கலந்த மோசடி வெடித்தபோது, அந்த ஒயினைக் கலந்து விற்ற சில ஜெர்மன் நிறுவனங்களும் சிக்கின. மிச்சமிருந்த மரியாதையும் போயிற்று. அதே ஜெர்மனியின் ஒயின்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் வணிகர்களின் விலைப்பட்டியலில் போர்தோவின் பெரிய பெயர்களுக்குச் சமமாக, சில நேரம் மேலாகவும் நின்றவை.

மோசலும் குற்றமே இல்லாத ஊர் அல்ல. 1971இல் வந்த ஒயின் சட்டம் க்ரோஸ்லாகெ என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. புகழ்பெற்ற ஓர் ஊரின் பெயரைச் சுற்றுவட்டத்து ஊர்களின் சாதாரணத் தோட்டங்களும் போட்டுக்கொள்ளலாம் என்றானது. பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃஷன் என்றால் பீஸ்போர்ட்டின் உண்மையான செங்குத்துச் சரிவு. பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க் என்றால் பல ஊர்களின் சமவெளியையும் சேர்த்த பெரும் வட்டம். உள்ளே ரீஸ்லிங்குக்குப் பதில் சீக்கிரம் பழுக்கும் ம்யூல்லர்-துர்காவ் இருந்தாலும் இருக்கும். லேபிளில் இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே அந்தஸ்தில் இருந்துவந்தன. நம் ஊரிலும் இதே கதைதான்: காசிமேட்டு ஏலத்துக்கு வெளியூரிலிருந்து காரில் வருகிறவர் வஞ்சிரம் என்ற பெயரைக் கேட்டதும் பர்ஸைத் திறக்கிறார். அன்று காலை வந்த சங்கராவையும் நெத்திலியையும் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டு போவது தெருக்காரர்கள்தான். மலிவான மோசல் வாங்கி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயருக்குக் காசு கொடுத்தவர்கள். அவர்கள் வட்டாரத்தைத் திட்டுவது நியாயமில்லை.

‘இதெல்லாம் பணக்காரன் சமாச்சாரம், நம்ம ஏரியாவுக்கு எதுக்கு’ என்பது மூன்றாவது குரல். வடசென்னையில் இது பெருமையோடு சொல்லப்படுவது. 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய ஊரில் இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். காரணம், மோசல் திராட்சை விவசாயியின் பசியைப் பற்றி எழுதித்தான் ஓர் இளம் பத்திரிகையாளர் பொருளாதாரத்தின் பக்கம் திரும்பினார். அவர் பெயர் கார்ல் மார்க்ஸ். 1818இல் ட்ரியரில் பிறந்தவர். வக்கீலான அவருடைய அப்பாவுக்கு ரூவர் கரை மெர்ட்டெஸ்டார்ஃபில் திராட்சைத் தோட்டத்தில் பங்கு இருந்தது. பிரஷ்ய அரசின் பாதுகாப்பு வரியை நம்பி மோசல்காரர்கள் கொடி நட்டுத் தள்ளினார்கள். பிறகு 1834இல் முழு வடிவம் பெற்ற சுங்கக் கூட்டமைப்பு தெற்கத்தி ஒயினுக்குக் கதவைத் திறந்தது, விலை விழுந்தது, குடும்பங்கள் கடனில் மூழ்கின. ‘விவசாயி மிகைப்படுத்துகிறான்’ என்றது அதிகாரவர்க்கம். 1843 ஜனவரியில் கொலோன் நகரின் ரைனிஷே சைட்டுங் பத்திரிகையில் மார்க்ஸ் அதற்குப் பதில் எழுதினார். சில வாரங்களில் பத்திரிகைக்கு மூடுவிழா. தன்னைப் பொருளாதாரக் கேள்விகளுக்குத் தள்ளியவற்றில் மோசல் விவசாயிகளின் நிலையும் ஒன்று என்று 1859இல் ஒரு முன்னுரையில் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தச் சரிவில் இன்றும் நிலைமை ரொம்ப மாறிவிடவில்லை. 1990 வாக்கில் மோசலில் 12,000 ஹெக்டேருக்கு மேல் கொடி இருந்தது. இப்போது 9,000க்கும் கீழே. போனதில் பெரும்பங்கு கூலி கட்டாமல் கைவிட்ட மேட்டு நிலம். ஒரே வட்டாரத்தில், சார் கரையின் ஷார்ட்ஸ்ஹோஃப்பெர்க் சரிவிலிருந்து ஏகோன் ம்யூல்லர் செய்த அரிய இனிப்பு ஒயின் ஒரு பாட்டில் 2015 ட்ரியர் ஏலத்தில் 12,000 யூரோவுக்குப் போனது. பக்கத்துச் சரிவில் அதே கல்லில், அதே ரீஸ்லிங்கில், அதே முதுகுவலியில் செய்த காபினெட்டை இருபது யூரோவுக்குள் விற்கத் திணறுகிறார்கள். இதைப் பணக்காரன் சமாச்சாரம் என்று தள்ளிவிட்டு, யந்திரம் அறுவடை செய்த சமவெளித் திராட்சையின் சிவப்பு ஒயினுக்கு அதே காசைக் கொடுப்பதில் என்ன வர்க்க உணர்வு இருக்கிறதோ, எனக்கு விளங்கவில்லை.

நான்காவது குரல்தான் எனக்கு முக்கியம்: ‘நம்ம காரத்துக்கு ஒயின் ஒத்துவராது.’ பதினாலரை சதவீத ஷிராஸ் சிவப்பு ஒயினை வைத்துக்கொண்டு சொன்னால் இது முழுக்க உண்மை. மிளகாயின் காப்சைசின் தட்டி எழுப்பும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டும். எறா தொக்குக்கு மேல் ஊற்றினால் எரிச்சல் இரட்டிக்கும். மீனோடு நிலைமை இன்னும் மோசம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஹோட்டல்காரர்கள் இந்தத் தோல்வியைப் பார்த்துவிட்டு, ‘இந்தியச் சாப்பாட்டுக்குப் பீர்தான்’ என்று முடித்துக்கொண்டார்கள். தப்பு சாப்பாட்டில் இல்லை.

மீன் குழம்பின் அடித்தளம் புளி. புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம், திராட்சையின் புளிப்புக்கும் அதுவே. பழங்களில் இவ்வளவு டார்டாரிக் இருப்பது அபூர்வம். புளிப்புக் குறைந்த ஒயினைப் புளிக்குழம்பு பக்கத்தில் வைத்தால் குழம்பு அதை அமுக்கிச் சப்பென்று ஆக்கிவிடும். மோசல் ரீஸ்லிங்கிடம் குழம்புக்கு ஈடு கொடுக்கும் அளவு அமிலம் இருக்கிறது. ஆல்கஹால் குறைவு என்பதால் காரம் கிளறப்படுவதில்லை; மிஞ்சிய இனிப்பு காரத்தைத் தணிக்கிறது; வெள்ளை ஒயின் என்பதால் துவர்ப்பு இல்லை. மாங்காய் போட்ட சங்கரா மீன் குழம்போடும், முறுகலாக வறுத்த நெத்திலியோடும் காபினெட்டைக் குடித்துப் பார்த்தவர் பீரைத் தேட மாட்டார். இழுவைப் படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளில், சின்னப் படகுகள் கொண்டுவரும் நெத்திலிக்கும் கவளைக்கும் இதைவிடப் பொருத்தமாக எதையும் நான் காணவில்லை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கருவாட்டுக் குழம்பு இதைத் தோற்கடிக்கும். கருவாட்டுக் குழம்பு எதைத்தான் தோற்கடிக்கவில்லை? வறுத்த வஞ்சிரத்துக்கு ட்ரோக்கன்தான் சரி. அங்கே நுங்கம்பாக்கத்துக்காரருடன் கைகுலுக்கத் தயார்.

இனி ராயபுரத்துக் கணக்கு. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, 42.8 சதவீதம், சுத்த ஆல்கஹால் 77 மில்லி. முழு 750 மில்லி காபினெட் பாட்டிலில், எட்டு சதவீதத்தில், 60 மில்லி. ஒரு பாட்டிலே ஒரு குவார்ட்டருக்கு எட்டவில்லை. ரூபாய்க்கு எத்தனை கிக் என்று அளந்தால் மோசல் படுதோல்வி, மறுக்கவே முடியாது. ஆனால் அந்த அளவுகோல் யாருடையது? கோட்டைக் கம்பெனிக்காரர்கள் வரும் வழியில் மதேரா தீவில் ஏற்றிக்கொண்டு வந்தது பிராந்தி சேர்த்த, வெயிலில் வெந்தும் கெடாத ஒயின். மது என்றால் சூடு தாங்க வேண்டும், தலைக்கு ஏற வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கரையில் அன்றே இறங்கிவிட்டது. மிச்சத்தை 1983இல் தொடங்கி 2003 முதல் சில்லறை விற்பனையும் கையில் எடுத்த டாஸ்மாக் பார்த்துக்கொண்டது. அங்கே ருசி என்று ஒரு பேச்சே கிடையாது, விலைப்பலகையும் அளவும்தான். இந்த அளவுகோல் வண்ணாரப்பேட்டையிலும் எண்ணூரிலும் எத்தனை வீடுகளை என்ன செய்தது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். குடிக்காதவர் இந்தக் கட்டுரையைப் படித்துக் குடிக்கத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. எட்டு சதவீதமும் ஆல்கஹால்தான். ஏற்கெனவே குடிக்கிறவரிடம்தான் என் வாதம்: நாலு பேர் சாப்பாட்டோடு பகிர்ந்து, சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளும் ஒரு பாட்டிலுக்கு, கிக்கைத் தவிர வேறு அளவுகோல் உண்டு.

விலை விஷயத்தில் நம் பக்கமும் கொடுமை உண்டு. இறக்குமதி ஒயினுக்கு இந்தியாவில் நீண்ட காலமாகச் சுங்கவரி 150 சதவீதம். துறைமுகத்தில் 10 யூரோ மதிப்பில் இறங்கியது 25 யூரோவாகக் கரையேறும். மாநில வரியும் லாபமும் அதற்குமேல். ஜெர்மனியில் சாதாரண ஒயினுக்கு மதுவரி பூஜ்யம். நுரைக்கும் ஒயினுக்கு மட்டும் உண்டு; கெய்சரின் கப்பற்படைக்குப் பணம் சேர்க்க 1902இல் போட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் அந்தப் படையின் கப்பல்தான். படை போய்விட்டது, வரி இன்னும் இருக்கிறது.

ஆகவே சென்னைக் கடையில் வாங்கும்போது மிக மலிவானதை எடுப்பதுதான் மிகப் பெரிய நஷ்டம். பாட்டில், மூடி, பெட்டி, கப்பல் கூலி எல்லாப் பாட்டிலுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றையும் வரியையும் கழித்தால் அடிமட்டப் பாட்டிலில் ஒயினுக்கென்று எஞ்சுவது சில்லறை. வெயில் வேறு. குளிரூட்டாத கன்டெய்னர் மே மாதத்தில் யார்டில் நின்றால் உள்ளே ஒயின் வெந்துவிடும். மூடி மேலே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் கசிந்த பிசுபிசுப்பு இருந்தாலோ தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பீரோவில் வைத்து அழகு பார்க்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வைக்க வேண்டும்.

லேபிளில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத் தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள். குட்ஸ்அப்ஃப்யூல்லுங் என்று இருந்தால் சொந்தத் தோட்டத்துப் பழத்தில் அவர்களே செய்து அடைத்தது. மூடி உறையில் கழுகுச் சின்னம் இருந்தால் 1910இல் தொடங்கிய ஃபவ்டேபே (VDP) என்ற தயாரிப்பாளர் சங்கத்தின் உறுப்பினர். பிறகு ராயபுரத்துக்காரர் முகம் சுளித்த அதே எண்: ஏழரை முதல் ஒன்பது சதவீதம் என்றால் தித்திப்பு, பத்து பதினொன்று என்றால் இடைப்பட்டது, பன்னிரண்டு என்றால் பெரும்பாலும் ட்ரோக்கன். ஜெர்மன் மொழி ஒரு சொல்கூடத் தெரியாமல் இதை வைத்தே வாங்கலாம். செல்பாக்-ஓஸ்டர், மாக்ஸ் ஃபெர்ட். ரிஷ்டர், கெர்பென் போன்ற வீடுகளின் சரிவுப் பெயர் போடாத அடிப்படை ரீஸ்லிங்கே பெரிய ஊர்ப் பெயர் போட்ட க்ரோஸ்லாகெ சரக்கை நாலு மடங்கு மிஞ்சும். எர்ன்ஸ்ட் லோசனின் ‘டாக்டர் எல்’ ஒப்பந்த விவசாயிகளிடம் வாங்கிய பழத்தில் செய்தது. அது உலகம் முழுக்கக் கிடைக்கிறது, தொடக்கத்துக்குக் குறையில்லை. ஜே. ஜே. ப்ரூமின் காபினெட் விலை ஏறிவிட்டது. அதைப் பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஹாம்பர்க்கிலோ ஆன்ட்வெர்ப்பிலோ கப்பலை விட்டு இறங்கி விமானத்தில் திரும்பும் மச்சானிடம் சொல்லி அனுப்புவதானால், ஊரில் இருக்கும் ஒயின் கடையில் 12 முதல் 18 யூரோவுக்குள் ஒரு காபினெட், ஒரு ட்ரோக்கன் என்று சொல்லுங்கள். விமான நிலையக் கடையின் பளபளப்பான அலமாரியை நம்ப வேண்டாம். சுங்கம் தலைக்கு 2 லிட்டர் வரை விடும். இரண்டு பாட்டில் ஒன்றரை லிட்டர், பேஷாக வரலாம். மூன்றாவதைத் திணித்தால் இரண்டேகால் லிட்டராகிவிடும். மீனம்பாக்கத்தில் அதற்கு வரி கட்டிவிட்டு அது மலிவாகக் கிடைத்தது என்று யாரிடமும் சொல்ல முடியாது.